ஒரு லட்சம் சம்பளத்தில் 51 ரூபாய்: பிரான்ஸைக் கவிழ்த்தது ராணியின் கவுனா, இஎம்ஐயா?



மாசக் கடைசியில் அக்கவுண்ட் காலியா இருந்தா நாம முதல்ல எதைத் திட்டுவோம்? கண்ணுக்குத் தெரியற செலவை. போன வாரம் ஆன்லைன்ல வாங்கின சட்டை, வெள்ளிக்கிழமை நைட் பிரியாணி, நண்பனோட போன படம். ஒண்ணாம் தேதி காலையில சத்தமே இல்லாம கழிஞ்சுபோன இஎம்ஐ ஞாபகத்துக்கே வராது.

ஒரு நாடே இதே தப்பைப் பண்ணியிருக்கு. 18-ம் நூற்றாண்டு பிரான்ஸ். கஜானா காலியானதும் மக்கள் கை நீட்டினது ராணி மேரி அன்டோனெட்டின் கவுன்களை நோக்கி. 'மேடம் டெஃபிசிட்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். டெஃபிசிட் என்றால் பற்றாக்குறை. ஒரு பெண்ணின் துணி அலமாரி ஒரு நாட்டைத் திவாலாக்க முடியுமா? ஆடிட்டர் புத்தி சும்மா இருக்குமா, கணக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

முதல்ல அந்த உடை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அது சாதாரண ஆடம்பரம் இல்லை.

இடுப்பில் கூடை, கதவில் பக்கவாட்டு நடை

வெர்சாய் அரண்மனையில் விசேஷ நாட்களில் பெண்கள் போட வேண்டிய உடைக்கு 'கிராண்ட் ஹாபிட்' என்று பெயர். பதினான்காம் லூயி காலத்தில் உருவான வடிவம். நூறு வருஷம் கழித்து ஊரெல்லாம் ஃபேஷன் மாறிய பிறகும் அரண்மனைக்குள் மட்டும் அதே விதிதான்.

மேலே, திமிங்கல எலும்பு வைத்துத் தைத்த இறுக்கமான உள்கச்சு. குனிய முடியாது, கையை முழுசாகத் தூக்க முடியாது. கீழே, இடுப்பின் இரண்டு பக்கமும் 'பானியே'. பிரெஞ்சில் அதற்குக் கூடை என்று அர்த்தம். பிரம்போ திமிங்கல எலும்போ வைத்துக் கட்டிய சட்டத்தின் மேல் பட்டுப் பாவாடையை விரிப்பார்கள். பெரிய விசேஷங்களில் அகலம் ஐந்தாறு அடி வரை போகும். கதவுக்குள் நுழைய நண்டு மாதிரி பக்கவாட்டில் போக வேண்டும். பின்னால் தரையில் இழுபடும் நீளத் துணி வேறு.

ஒரு பிரபு வீட்டுப் பெண் முதல்முறை ராஜா ராணி முன் அறிமுகமாகும் நாளில் இந்த உடையோடு மூன்று முறை மண்டியிட்டு வணங்க வேண்டும். பிறகு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேற வேண்டும். பின்னால் கிடக்கும் துணியைக் குதிகாலால் நைசாகத் தள்ளிக்கொண்டே! இதற்கென்றே ஆசிரியர் வைத்துப் பயிற்சி எடுத்தார்கள்.

இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேல். 1800-களில் இடுப்புக்கோடு மார்புக்குக் கீழ் வரை ஏறிவிட்டது. ஆனாலும் அரண்மனை விதி கூடைப் பாவாடையை விடவில்லை. விளைவு, கூடை அக்குளுக்குக் கீழே தொடங்கியது. 1820-ல் நான்காம் ஜார்ஜ் ராஜாவான பிறகுதான் இந்தக் கொடுமை முடிந்தது.

தலைக்கு மேல் கப்பல்

1770-களில் 'பூஃப்' என்ற கொண்டை வந்தது. கம்பிச் சட்டம், பஞ்சு, பொய் முடி எல்லாம் சேர்த்து அடி கணக்கில் உயர்த்தி, மேலே இறகு, பூ, பொம்மை. வண்டிக்குள் உட்கார முடியாமல் தரையில் மண்டியிட்டுப் பயணம் செய்தவர்கள் உண்டு.

அந்தக் கால 'ட்ரெண்டிங்' எல்லாம் தலையில் ஏறிவிடும். 1774-ல் பதினாறாம் லூயி பெரியம்மைத் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டதும், அதைக் கொண்டாட மருத்துவக் கடவுளின் பாம்பும் உதய சூரியனும் வைத்து ஒரு கொண்டை. 1778-ல் பெல் பூல் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஆங்கிலக் கப்பலோடு மோதியதும், பாய்மரத்தோடு ஒரு கப்பலே தலையில் வந்துவிட்டது. 1775-லேயே ராணியின் அம்மா, ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா, இந்த உயரத்தைக் கண்டித்து வியன்னாவிலிருந்து கடிதம் எழுதினார். அம்மா பேச்சை எந்தப் பிள்ளை கேட்டது?

இந்தக் கொண்டைக்கு மேல் தூவும் வெள்ளைப் பவுடர் பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து. அதே 1775-ல் ரொட்டி விலை ஏறி, பாரிஸைச் சுற்றி 'மாவுப் போர்' என்ற கலவரமே நடந்தது. வயிற்றுக்கு மாவு இல்லாதவன் தலையில் மாவு போட்டவரைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்?

பட்ஜெட் 1,20,000. செலவு 2,58,000.

இனி நம்ம ஏரியா.

ராணியின் உடைக்கு ஆண்டு ஒதுக்கீடு 1,20,000 லிவ்ர். லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சு நாணயக் கணக்கு. 20 சூ சேர்ந்தால் ஒரு லிவ்ர். 1785-ல் உண்மையான செலவு சுமார் 2,58,000 லிவ்ர். பட்ஜெட்டை விட இரண்டு மடங்குக்கும் மேல்.

அன்று பாரிஸில் ஒரு கூலித் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 20 முதல் 30 சூ. 30 சூ என்றே வைத்து, வருஷத்துக்கு 250 நாள் வேலை கிடைத்தது என்று வைத்தாலும் 375 லிவ்ர். அதாவது ராணியின் ஒரு வருஷத் துணிச் செலவு, கிட்டத்தட்ட 690 தொழிலாளிகளின் ஒரு வருஷ வருமானம்.

இது எப்படி ஏறியது? சிஸ்டமே அப்படி. ராணியின் பணிப்பெண்ணாக இருந்த மேடம் காம்பான் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியபடி, குளிர்காலத்துக்கு மட்டும் 12 கிராண்ட் ஹாபிட், கூடைப் பாவாடையோடு போடும் 12 உயர்ந்த கவுன், சாதாரணமாகப் போட 12 கவுன். கோடைக்கும் அதே அளவு. தினமும் காலையில் துணித் துண்டுகள் ஒட்டிய ஒரு புத்தகம் வரும். ராணி எதில் ஊசி குத்துகிறாரோ, அன்றைக்கு அந்த உடை. 1782-ம் வருஷப் புத்தகம் இன்றும் பிரான்ஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கு.

சீசன் முடிந்ததும், ராணி ஆசையாக வைத்துக்கொண்ட ஒன்றிரண்டு தவிர மீதி எல்லாம் கழித்துவிடப்படும். கழித்த உடைகள் அலமாரிக்குப் பொறுப்பான பெண்களுக்குச் சலுகையாகப் போகும். இங்கே கொஞ்சம் நில்லுங்க. செலவைக் கட்டுப்படுத்த வேண்டிய டிபார்ட்மென்ட்டுக்கே, செலவு கூடினால் லாபம்! எந்தக் கம்பெனி ஆடிட்டிலும் இதைச் சிவப்பு மையில்தான் எழுதுவோம்.

தையல் கூலி கொஞ்சம், 'ஆட்-ஆன்' அதிகம்

அன்றைக்கு ஒரு கவுனில் தையல்காரிக்குக் கிடைத்தது சொற்பம். பணம் போனது இரண்டு இடத்தில்: லியோன் நகரத்துப் பட்டு, அதன் மேல் வைக்கும் அலங்காரம். லேஸ், ரிப்பன், இறகு, பூ.

கணக்குப்படி இரண்டும் ஒன்றில்லை. பட்டு ஒரு சொத்து மாதிரி. பிரித்து மறுபடி தைக்கலாம், பழைய துணிச் சந்தையில் விற்கலாம். அன்றைய குடும்பங்கள் அப்படித்தான் செய்தார்கள். ரிப்பனும் பூவும் அப்படி இல்லை. அடுத்த மாசமே மதிப்பு போச்சு. இன்றைக்குப் போன் வாங்கும்போது கூடவே தள்ளிவிடுகிற கவர், இன்சூரன்ஸ், 'ப்ரீமியம்' பிளான் எல்லாம் நினைவுக்கு வருதா?

இந்த அலங்கார வியாபாரத்தின் மகாராணி ரோஸ் பெர்டின். 1747-ல் அப்வில் என்ற ஊரில் பிறந்தவர். பெரிய வம்சம் எதுவும் கிடையாது. பாரிஸில் சேன்ட் ஹானரே தெருவில் அவர் கடைக்குப் பெயர் 'கிராண்ட் மொகல்'. ஆமாம், நம்ம முகலாயப் பேரரசர்தான். அன்றைய ஐரோப்பாவில் செல்வத்துக்கு இன்னொரு பெயர் அது. ராணியை அடிக்கடி நேரில் பார்த்து டிசைன் சொன்னதால் 'ஃபேஷன் அமைச்சர்' என்று ஊரார் கிண்டல் செய்தார்கள்.

ஃபேஷன் எவ்வளவு வேகமாக மாறியது என்பதற்கு ஒரு உதாரணம். 1775 கோடையில் ராணி ஒரு பழுப்பு நிற கவுன் போட்டார். ராஜா பார்த்துவிட்டு 'தெள்ளுப்பூச்சி நிறம்' என்றார். அவ்வளவுதான், அரண்மனை முழுக்க தெள்ளுப்பூச்சி நிறம். பூச்சியின் வயிறு நிறம், தொடை நிறம் என்று உட்பிரிவு வேறு. கொஞ்ச நாளில் ராணியின் தலைமுடி நிறம்தான் புதுசு என்றானது. பூச்சி நிறத்தில் கவுன் தைத்தவர் கதி? மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான்.

ஒருமுறை ராணி எளிமைக்கும் மாறிப் பார்த்தார். 1783-ல் ஓவியர் விஜே லெ பிரன் வரைந்த படத்தில் கூடை இல்லை, பட்டு இல்லை, வெள்ளை மஸ்லின் கவுன் மட்டும். ராணி உள்ளாடையோடு நிற்கிறார் என்று ஊர் சிரித்தது. படத்தை எடுத்துவிட்டு, பட்டு உடுத்திய வேறு படம் வைத்தார்கள். மஸ்லின் என்றால் அன்று இந்தியச் சரக்கு. அதனால் லியோன் பட்டு நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுக்கிறார் என்றும் பழி வந்தது. செலவு செய்தாலும் திட்டு, குறைத்தாலும் திட்டு.

எல்லாம் கடன்தான்

பிரபுக்கள் யாரும் ரொக்கம் கொடுத்து வாங்கவில்லை. கணக்கில் எழுதிக்கொள் என்பதுதான் வழக்கம். பில் கட்ட வருஷக்கணக்கில் ஆகும், சில பில் கட்டவே மாட்டார்கள். கடைக்காரர் என்ன செய்வார்? அந்த நஷ்டத்தையும் விலையில் ஏற்றுவார். 'நோ காஸ்ட்' கடன் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

ரோஸ் பெர்டினின் விற்பனை பிரமாதம். ஆனால் விற்பனை வேறு, கையில் வந்த பணம் வேறு. 1787-லேயே அவர் திவாலாகிவிட்டார் என்று பாரிஸில் பேச்சு கிளம்பியது. பிறகு புரட்சி வந்தது. வாடிக்கையாளர்களில் சிலர் நாட்டை விட்டு ஓடினார்கள், சிலர் கில்லட்டினுக்குப் போனார்கள். பெர்டின் 1813-ல் இறந்த பிறகும் அவர் வாரிசுகள் பழைய பில்களை வைத்துக்கொண்டு வசூலுக்கு அலைந்தார்கள். ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிற நண்பர்கள் இதை இரண்டு தடவை படிங்க. வராத பில் வருமானம் ஆகாது.

இன்னொரு கதை வைர நெக்லஸ். போமர், பசான்ஜ் என்ற இரண்டு நகைக்காரர்கள், முந்தைய ராஜா தன் காதலிக்கு வாங்குவார் என்று நம்பி 647 வைரம் வைத்து ஒரு நெக்லஸ் செய்தார்கள். ராஜா 1774-ல் இறந்துவிட்டார். 16 லட்சம் லிவ்ர் முடங்கியது. மேரி அன்டோனெட்டிடம் கொண்டு போனார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு ஒரு மோசடிக்காரி, ராணி ரகசியமாக வாங்க ஆசைப்படுகிறார் என்று கார்டினல் ரோஹனை நம்பவைத்தாள். ராணியின் கையெழுத்து போலி. ஒப்பந்தம் என்ன தெரியுமா? ஆறு மாசத்துக்கு ஒரு தவணை, இரண்டு வருஷம். பக்கா இஎம்ஐ! 1785 ஆகஸ்டில் முதல் தவணை வராததும் குட்டு உடைந்தது. 1786-ல் கார்டினல் விடுதலையானார். நெக்லஸைத் தொடாத ராணியின் பெயர்தான் கெட்டது. ஆடம்பரத்துக்குப் பெயர் வாங்கிவிட்டால், வாங்காததையும் வாங்கினார் என்றுதான் ஊர் நம்பும்.

சரி, பிரான்ஸ் எதனால் மூழ்கியது?

1788 பட்ஜெட்டைப் பார்ப்போம். வருமானம் சுமார் 50.3 கோடி லிவ்ர். செலவு சுமார் 62.9 கோடி. இந்த நம்பர் நமக்குப் பழக்கமில்லை. அதனால் பிரான்ஸை ஒரு லட்ச ரூபாய் சம்பளக்காரராக மாற்றிப் பார்ப்போம்.

• சம்பளம்: 1,00,000
• மாதச் செலவு: சுமார் 1,25,000
• அதில் கடனுக்குப் போனது: சுமார் 63,000
• ராணுவம், கடற்படை, வெளியுறவு: சுமார் 33,000
• அரண்மனைச் செலவு மொத்தமும்: சுமார் 7,000
• ராணியின் உடை (செலவு உச்சத்தில் இருந்த 1785 கணக்கை வைத்தால்கூட): 51 ரூபாய்

ஆமாம், ஐம்பத்தொரு ரூபாய். ஒரு பிரியாணிக்குக்கூடப் போதாது! நகை, மாளிகை என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டினாலும் அது அந்த 7,000-க்குள்தான் அடங்கும். அதை ஒரே நாளில் பூஜ்யமாக்கியிருந்தாலும் பற்றாக்குறை 18,000.

இவ்வளவு கடன் எப்படி வந்தது? பெரிய பங்கு போருக்கு. அமெரிக்க சுதந்திரப் போரில் இங்கிலாந்துக்கு எதிராகக் குதித்ததில் மட்டும் 100 கோடி லிவ்ருக்கு மேல் போனது. நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர், வரியை ஏற்றாமல் கடனாக வாங்கினார். அதில் ஒரு வகை ஆயுள் ஆன்யூட்டி. நீங்கள் ஒரு தொகை கொடுத்தால், நீங்கள் குறிப்பிடும் ஒருவர் உயிரோடு இருக்கும் வரை அரசு வருஷா வருஷம் பணம் தரும். ஒரே உயிரின் மேல் என்றால் சுமார் 10 சதவீதம் வரை. வயது எதுவாக இருந்தாலும் அதே ரேட்!

இன்சூரன்ஸ் பக்கம் தலைவைத்துப் படுத்தவருக்குக்கூட இதில் உள்ள ஓட்டை தெரியும். ஜெனீவா பேங்கர்கள் விடுவார்களா? நல்ல குடும்பத்தில் பிறந்த, பெரியம்மையைத் தாண்டிவிட்ட, ஆரோக்கியமான சின்னப் பெண் குழந்தைகளாகத் தேடி, முப்பது முப்பது பேராகச் சேர்த்து, அவர்கள் உயிரின் மேல் பணம் போட்டார்கள். அந்தச் சிறுமிகள் நல்லபடியாக வாழ வாழ, பிரெஞ்சுக் கஜானா கட்டிக்கொண்டே இருந்தது. பிரான்ஸுக்கு உண்மையிலேயே அதிகம் செலவு வைத்த பெண்கள் யார் என்று கேட்டால், கப்பல் கொண்டை போட்டவர்களை விட இந்தச் சிறுமிகள் பக்கம்தான் நான் கை காட்டுவேன். பாவம், அவர்களுக்கே அது தெரியாது.

நெக்கர் இன்னொன்றும் செய்தார். 1781-ல் அரசுக் கணக்கை முதல்முறையாக மக்கள் படிக்க அச்சிட்டு வெளியிட்டார். வருமானம் 26.4 கோடி, செலவு 25.4 கோடி, மிச்சம் ஒரு கோடி லிவ்ர்! புத்தகம் சூடாக விற்றது. எப்படி மிச்சம் வந்தது? போர்ச் செலவை 'அசாதாரணச் செலவு' என்று தனியாக ஒதுக்கி, கணக்கிலேயே காட்டவில்லை.

உண்மை 1786-ல் ராஜாவின் மேஜைக்கு வந்தது. 1787-ல் ராணி துணிச் செலவைக் குறைத்தார், வேலையாட்களைக் குறைத்தார். 51 ரூபாயில் எவ்வளவு குறைத்து என்ன பயன்? 1788 ஆகஸ்டில் கஜானா முழுப் பணம் கொடுக்க முடியாமல் கையை விரித்தது. அடுத்த வருஷம் புரட்சி. 1793 அக்டோபர் 16-ல் மேரி அன்டோனெட் கில்லட்டினுக்குப் போனபோது வயது 37. கவுனுக்காக மட்டும் அவர் சாகவில்லை. ஆனால் மக்கள் கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, எல்லோருக்கும் தெரிந்த முகம் அந்தக் கொண்டைக்குக் கீழே இருந்தது.

நம்ம சம்பளத்துக்கு இதில் என்ன இருக்கு?

1. முதலில் 63,000-ஐத் தேடுங்க. செலவைக் குறைக்கணும் என்றால் காபியில் தொடங்காதீங்க. எல்லா இஎம்ஐ, கார்டு பாக்கி, ஆப் லோன் எல்லாத்தையும் கூட்டி, கைக்கு வரும் சம்பளத்தால் வகுங்க. என் கணக்கில் 40 சதவீதம் தாண்டினால் சிவப்பு விளக்கு. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாசம் 3, 3.5 சதவீத வட்டி என்றால், முதலில் அடைக்க வேண்டியது அது.

2. 'இது ஒரு தடவைச் செலவு' என்று ஒதுக்காதீங்க. நெக்கர் செய்த அதே வேலை அது. வண்டி சர்வீஸ், இன்சூரன்ஸ், கல்யாண மொய், தீபாவளி டிரஸ், ஊருக்குப் போகும் டிக்கெட். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான், ஆனால் வருஷா வருஷம் வரும். மொத்தத்தைக் கூட்டி 12-ஆல் வகுத்து, மாசச் செலவில் சேருங்க.

3. பட்டு எது, ரிப்பன் எது என்று பிரிங்க. வேலைக்கு உதவுகிற, பல வருஷம் உழைக்கிற பொருள் பட்டு. மீதி ரிப்பன். ரிப்பன் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. ரிப்பனைக் கடனில் வாங்காதீங்க.

4. 51 ரூபாய் ராணிக்கு மட்டும்தான். அவருக்குப் பின்னால் ஒரு நாட்டின் வருமானம் இருந்தது. அவரைப் பார்த்து அதே கவுனைத் தைத்த பிரபு குடும்பத்துக்கு, அது வருமானத்தில் பெரிய பங்கு. ஆனால் அரண்மனைப் பக்கம் போனால்தான் பதவியும் பென்ஷனும் கிடைக்கும் என்பதால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்க டீம் லீட் வாங்கின போன் அவர் சம்பளத்தில் எத்தனை சதவீதம், உங்க சம்பளத்தில் எத்தனை? உங்களுக்கு வேறு வழி இருக்கா இல்லையா? இதை மட்டும் யோசிங்க.

இந்த வாரம் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, மேலே பிரான்ஸுக்குப் போட்ட மாதிரி உங்க வரவு செலவையும் 'ஒரு லட்சம் சம்பளம்' கணக்கில் எழுதிப் பாருங்க. உங்க 63,000 எது, உங்க 51 எது என்று தெரிஞ்சதும் கமெண்ட்டில் சொல்லுங்க. கார்டு கடனை எந்த வரிசையில் அடைப்பது என்பதைச் சேனலில் தனி வீடியோவாகப் பேசுறேன்.